கல்லுப் பிரபுவிடம் 'யெஸ், யெஸ்' என்று சொன்னேன்

எனக்குச் சாமி நம்பிக்கையும் கிடையாது, பேய் நம்பிக்கையும் கிடையாது. இதைக் கேட்டுவிட்டு நீங்கள் சிரித்தாலும் எனக்குக் கோபம் வராது, ஏனென்றால் போன வருடம் வரை இந்த மாதிரிக் கதையை யாராவது ஆரம்பித்தால் முதலில் சிரிக்கிறவன் நான்தான். உசிலம்பட்டிப் பக்கம் எங்கள் ஊர்த் திருவிழாவில் அருள் வந்து ஆடிக்கொண்டிருந்த சித்தப்பாவிடம் போய், "கொஞ்சம் மெதுவா ஆடுங்க, வேட்டி அவுந்துரப் போகுது" என்று சொல்லி, சாமி கையாலேயே அறை வாங்கியவன். நியூஜெர்சியில் மான்மவுத் ஜங்ஷனுக்கு வந்து வீடு வாங்கிய பிறகும் அப்படியேதான் இருந்தேன். என் மனைவி கலாவைக் கோயிலுக்குக் கூட்டிப் போவேன், உள்ளேயும் வருவேன், ஆனால் கையைக் கட்டிக்கொண்டு நிற்பேன், கும்பிட மாட்டேன். கடைசியில் புளியோதரை வாங்கும் வரிசையில் மட்டும் முதல் ஆளாக நிற்பேன்.

"கும்பிட்டா கை தேஞ்சா போயிரும்?" என்பாள் கலா.

"தேயாது, பழகிரும்" என்பேன்.

எதற்கு இதையெல்லாம் சொல்கிறேன் என்றால், இந்த விவகாரம் முழுக்க என் கும்பிடு சம்பந்தப்பட்டது.

என் பெயர் செல்வம், எங்கள் அப்பா பெயர் பரமன். இங்கே வந்ததும் அப்பா பெயர் லாஸ்ட் நேம் ஆகிவிட்டது, அதனால் ஆபீஸிலும் பேங்க்கிலும் பல் டாக்டரிடமும் நான் மிஸ்டர் பரமன். அப்பா காலமாகிப் பல வருடம் ஆகிறது, ஆனாலும் யாராவது அவரைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார்கள், நானும் எழுந்து போய்க்கொண்டே இருக்கிறேன். என் மகள் இனியா செல்வம். அவள் இங்கேயே பிறந்தவள், தமிழ் நன்றாகப் புரியும், பதில் மட்டும் இங்கிலீஷில் வரும், கலா முறைத்தால் பாதித் தமிழில் வரும்.

அப்போது இனியா ஆறாம் வகுப்பு. ஐரோப்பாவின் பழைய காலத்துப் பிரபுக்களைப் பற்றிப் பள்ளியில் பாடம் நடந்தது. ஒவ்வொரு பிள்ளையும் ஒரு பட்டத்தை எடுத்துக்கொண்டு, போஸ்டர் செய்து, அந்த வேஷமும் போட்டு வகுப்பில் பேச வேண்டுமாம். டியூக், கவுன்ட், வைகவுன்ட், பேரன் என்று வரிசையாகச் சொன்னாள். பேரன் என்றால் பேரப்பிள்ளை இல்லை, அதுவும் ஒரு பட்டம்தானாம், அதற்கு நான் சிரித்த சிரிப்பில் அவளுக்குக் கோபமே வந்துவிட்டது. சீட்டுக் குலுக்கியதில் அவளுக்கு வந்தது பிரான்ஸ் நாட்டுக் கவுன்டெஸ். அப்பா செத்துப்போய், சின்ன வயதிலேயே பட்டத்துக்கு வந்த பெண்.

சாப்பாட்டு மேஜையில் தினமும் அதே பேச்சுதான். "அப்பா, இந்த டோஃபான் ஸ்டோரி கேளுங்க. இட்ஸ் லைக் அஸ்!" என்று ஒரு நாள் குதித்தாள். டோஃபான் என்றால் பிரெஞ்சில் டால்ஃபினாம், ஏதோ ஒரு கவுன்டுக்கு அது செல்லப்பெயராம். பிள்ளைகள் அதைத் தங்கள் பெயரோடு சேர்த்துக்கொண்டார்களாம், அப்புறம் அதுவே குடும்பப் பட்டம் ஆகி, கடைசியில் பிரான்ஸ் ராஜாவின் மூத்த பிள்ளைக்கே அந்தப் பட்டம் போய்விட்டதாம். "ஸோ நான் இனியா செல்வம், என் கிட்ஸ் எல்லாம் செல்வம், அப்புறம் ஒன் டே ஏதாவது பிரின்ஸைக்கூட செல்வம்னு கூப்பிடுவாங்க."

"கூப்பிடட்டும், நல்ல பேருதான" என்றேன்.

இன்னொன்றும் சொன்னாள். அப்பா செத்த அந்த செகண்டிலேயே பட்டம் பிள்ளைக்கு வந்துவிடுமாம், சேதி வந்து சேர்வதற்கு முன்பே. "ஷி டஸன்ட் ஈவன் நோ, பட் ஷி இஸ் ஆல்ரெடி தி கவுன்டெஸ்." பிள்ளை சின்னதாக இருந்தால், மேலே இருக்கிற லார்ட் ஆள் அனுப்பிக் கூட்டிக்கொண்டு போய்விடுவாராம், வளர்க்கிற பொறுப்பு அவருடையதாம். எல்லா ஊரிலும் இல்லை, வடக்குப் பக்கம் சில இடங்களில்.

கலாவுக்குப் பொறுக்கவில்லை. "பெத்தவ குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது அவன் யாருடி கூட்டிட்டுப் போக?"

"அம்மா, தட் வாஸ் தி லா."

"நல்ல லா!" என்று சொல்லிவிட்டு அவள் ரசத்தை எடுக்கப் போனாள். அன்றைக்கு நாங்கள் மூன்று பேரும் சிரித்தோம்.

போஸ்டருக்கு நிஜமான போட்டோ வேண்டும் என்றாள். ஹட்சன் நதியை ஒட்டி வடக்கே போனால், ஏதோ ஒரு காலத்துப் பணக்காரர் பிரான்ஸிலிருந்து கல்லையெல்லாம் பெயர்த்துக்கொண்டு வந்து சேர்த்து வைத்த சின்ன மியூசியம் ஒன்று இருக்கிறது, பெயர் வேண்டாம். ஜனவரி மாத ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வெளியே பழைய பனி கறுத்துப்போய்க் கிடந்தது. கலா வரவில்லை, நானும் இனியாவும் மட்டும் போனோம். கூட்டமே இல்லை.

கடைசி அறையில் ஒரு கல்லறை. அதன் மேல் முழு ஆள் உயரத்துக்கு ஒரு கல் மனிதன் மல்லாந்து படுத்திருக்கிறான், முப்பது வயது இருக்கலாம், காலடியில் ஒரு கல் நாய். கை இரண்டும் மணிக்கட்டோடு உடைந்து போயிருந்தன. எந்தக் காலத்தில் உடைந்ததோ, அந்த இடம் வழுவழுவென்று இருந்தது. பக்கத்துப் பலகையில் கவுன்ட் என்று போட்டிருந்தது, ஆனால் பெயர் தெரியவில்லையாம். பட்டம் மிச்சம் இருக்கிறது, ஆள் பெயர் போய்விட்டது. அப்போதே எனக்கு ஒரு மாதிரி இருந்தது, ஆனால் அது பசியாகவும் இருக்கலாம்.

"அப்பா, யூ ஆர் தி வாஸல்" என்றாள் இனியா.

"வாசலா? நான் எதுக்குத்தா வாசல்?"

"வாஸல்! அவரோட ஆளு." பிரபுவுக்குக் கீழே இருக்கிறவன் தலையில் இருப்பதைக் கழற்றிவிட்டு, மண்டியிட்டு, இரண்டு கையையும் சேர்த்து நீட்ட வேண்டுமாம். பிரபு அந்தக் கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டு, என் ஆளாக இருக்கிறாயா என்று கேட்பாராம், இவன் சம்மதம் என்று சொல்ல வேண்டுமாம். அவ்வளவுதான், அதற்கப்புறம் இவனைக் காப்பாற்றுவது அவர் பொறுப்பு, அவர் கூப்பிட்டால் போவது இவன் பொறுப்பு.

பிள்ளை கேட்டால் செய்யாமல் இருக்க முடியுமா? குல்லாவைக் கழற்றினேன், மண்டியிட்டேன், கையைச் சேர்த்தேன். எந்தச் சாமி முன்னாலும் சேராத கை, சும்மா விளையாட்டுக்காகச் சேர்ந்தது. "ஐயா பிரபுவே, எம்புள்ளைக்கு ஏ ப்ளஸ் வாங்கிக் குடுங்க" என்று வேறு சொன்னேன். இனியா போட்டோ எடுத்துவிட்டு நாயைப் பார்க்க அந்தப் பக்கம் போய்விட்டாள்.

நான் எழுந்திருக்கப் போனேன். அப்போது காதுக்குப் பக்கத்தில் யாரோ ஏதோ கேட்டார்கள். மெதுவான குரல், ஆம்பளைக் குரல், வார்த்தை புரியவில்லை, ஆனால் கேள்வி என்பது நிச்சயமாகத் தெரிந்தது. காவலுக்கு நிற்கிறவர், ரொம்பக் கிட்டே போகாதே என்கிறார் போல என்று நினைத்து, "யெஸ், யெஸ், சாரி" என்றேன். நம் ஆட்களுக்கு இது ஒரு வியாதி, உங்களுக்கும் இருக்கும். போனில் வெள்ளைக்காரன் வேகமாக ஏதாவது சொல்லி நமக்குப் புரியாவிட்டால், இன்னொரு தடவை கேட்கக் கூச்சப்பட்டு யெஸ், யெஸ் என்று சொல்லிவிடுவோம். அப்படிச் சொல்லியே வேண்டாத கேபிள் சானலுக்கெல்லாம் நான் தலையாட்டியிருக்கிறேன்.

சொல்லி முடித்ததும் சேர்த்து வைத்த என் இரண்டு கையையும் இரண்டு பக்கமும் எதுவோ அழுத்தியது. ஐஸ் கட்டி மாதிரிக் குளிர்ச்சி, ஆனால் கல் மாதிரி இல்லை, பிடி மாதிரி இருந்தது. விரல்களைப் பிரிக்கப் பார்த்தேன், முடியவில்லை. கத்தக்கூடத் தோன்றவில்லை. அப்புறம் விட்டுவிட்டது. திரும்பிப் பார்த்தால் அறையில் யாரும் இல்லை, காவல்கார அம்மா அடுத்த அறையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். யாராவது ஆண் காவலர் இங்கே வந்தாரா என்று கேட்டேன். இன்றைக்கு நான் மட்டும்தான் என்றார்.

கை மரத்துப்போயிருக்கும், குளிர், ரத்த ஓட்டம், இப்படி நானே நாலு காரணம் சொல்லிக்கொண்டு வண்டியை எடுத்தேன். யாரிடமும் சொல்லவில்லை. இனியாவின் போஸ்டருக்கு நல்ல மார்க் வந்தது, அந்தப் போட்டோவில் நான் மட்டும்தான் இருக்கிறேன், அசடு வழியச் சிரித்துக்கொண்டு.

அடுத்த மாதம் ஒரு சனிக்கிழமை காலை வழக்கம் போல பேட்மின்டன் ஆடப் போனேன். ஸ்மாஷ் அடிக்கக் கையைத் தூக்கியது ஞாபகம் இருக்கிறது, அதற்கப்புறம் ஞாபகம் இல்லை. நெஞ்சைப் பிடிக்கக்கூட இல்லையாம், அப்படியே விழுந்தேனாம். என் கூட ஆடிய செந்தில்தான் முதலில் நெஞ்சை அமுக்கியவன். யாரோ சுவரில் மாட்டியிருந்த ஷாக் கொடுக்கிற பெட்டியைக் கொண்டு வந்தார்கள். இதயம் நின்றே போயிருந்தது என்று டாக்டர் சொன்னார், நின்று, மறுபடி ஓட ஆரம்பித்தது. இன்றைக்கும் செந்தில் என் முகத்தைப் பார்த்துப் பேசும்போது கண் கலங்குகிறான், நான்தான் "போதும்டா, ஷட்டில் உள்ளயா வெளியயா, அத மட்டும் சொல்லு" என்று பேச்சை மாற்றுவேன்.

செந்தில் கலாவுக்குப் போன் செய்தபோது அவள் இந்தியன் கடையில் காய் வாங்கிக்கொண்டிருந்தாள். வண்டியை எடுத்துக்கொண்டு, இனியாவையும் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வரலாம் என்று வீட்டுக்கு ஓடினாள். இனிமேல் சொல்வது கலா சொன்னது, அவள் ஒரு வார்த்தை கூட்டிச் சொல்கிற ஆள் இல்லை.

வீட்டு வாசல் படியில் இனியா உட்கார்ந்திருந்தாளாம். குளிர் கோட்டு, பூட்ஸ், குல்லா எல்லாம் போட்டு, எங்கேயோ கிளம்பத் தயாராக. கதவு திறந்தே கிடந்ததாம். கலா வண்டியை விட்டு இறங்கி வாயைத் திறப்பதற்கு முன்னால், "அப்பாவுக்கு இப்ப சரியாயிடுச்சும்மா" என்றாளாம்.

கலா ஓடிப்போய் அவள் தோளைப் பிடித்தாளாம். "ஒனக்கு யாருடி சொன்னா?"

"ஒருத்தர் வந்தார். என்னைக் கூட்டிட்டுப் போக. அப்புறம் போயிட்டார்."

"யாரு வந்தாலும் கதவத் தொறக்காதன்னு எத்தன தடவ சொல்லிருக்கேன்!"

"அப்பா குரல்லதாம்மா கூப்பிட்டார்."

இதைக் கலா எனக்கு உடனே சொல்லவில்லை. ஸ்டென்ட் வைத்து, நெஞ்சுக்குள்ளே ஒரு சின்ன மெஷினும் வைத்து, வீட்டுக்கு வந்து, நான் சட்னி காரம் பத்தவில்லை என்று சண்டை போடுகிற அளவுக்குத் தேறிய பிறகுதான் சொன்னாள். சொல்லிக்கொண்டே அழுதாள். எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. பிள்ளை பயந்திருக்கும், செந்தில் வீட்டிலிருந்து யாராவது போன் செய்திருப்பார்கள், அந்தப் பிராஜெக்ட்டையே நினைத்துக்கொண்டிருந்தவள் ஏதோ கற்பனை செய்திருப்பாள் என்றேன். வீட்டு போனில் அப்படி ஒரு கால் இல்லை.

டோர்பெல் கேமராவைப் பார்த்தாயா என்று கேட்பீர்கள். பார்த்தோம். இனியா கதவைத் திறந்துகொண்டு வெளியே வருகிறாள், கேமராவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறாள், எதிரே யாரும் இல்லை, புல்வெளியும் ரோடும்தான். தலையை நிமிர்த்தி, தன்னைவிட உயரமான ஆளைப் பார்ப்பது போலப் பார்க்கிறாள். தலையை ஆட்டுகிறாள். அப்புறம் குனிந்து கீழே உட்காருகிறாள், பூட்ஸ் லேஸ் கட்டுகிறாள் என்று நினைத்துக்கொண்டோம். செந்தில் ஆம்புலன்ஸைக் கூப்பிட்ட நேரத்தையும் இதையும் சேர்த்துப் பார்த்தேன். பார்த்திருக்க வேண்டாம். இரண்டும் ஒரே நேரம்.

எனக்குப் பயம் வந்தது அப்போதுதான், ஒளிக்காமல் சொல்கிறேன். செத்துப்போவோமோ என்ற பயம் எல்லாருக்கும் வருகிறதுதான், மாத்திரையைப் போட்டுக்கொண்டு மறந்துவிடலாம். எனக்கு வந்தது வேறு. நான் விழுந்தால், அந்த செகண்டே என் பிள்ளை வாசலில் ஆள் வந்து நிற்கும். கலா கடையில் இருந்தால்கூட, நான் ஆபீஸில் இருந்தால்கூட, யாருக்கும் சேதி தெரிவதற்கு முன்னால் வந்து நிற்கும். இனியா எழுதிய போஸ்டரில் இருந்ததுதான், பெரிய எழுத்தில், சுற்றிலும் மினுமினுப்புப் பசை தடவி. படி ஏறும்போது ஒரு கணம் மூச்சு வாங்கினால், என் நெஞ்சைப் பிடிப்பதற்கு முன்னால் இனியா எங்கே இருக்கிறாள் என்று பார்ப்பேன். பள்ளி பஸ்ஸை நிறுத்திவிட்டு நானே கொண்டுபோய் விட்டேன். கதவுக்கு இன்னொரு பூட்டுப் போட்டேன். கலா எல்லாக் கோயிலுக்கும் நேர்ந்துகொண்டாள், இந்த முறை நான் கிண்டல் செய்யவில்லை.

கடைசியில் மியூசியத்தில் நடந்ததைக் கலாவிடம் சொன்னேன். கை சேர்த்தது, குரல், யெஸ் யெஸ், அந்தப் பிடி, எல்லாம். தலையில் அடித்துக்கொண்டாள். "ஊருல இருக்குற சாமிக்கெல்லாம் கும்பிடு போடாத மனுசன், போயும் போயும் ஒரு பொணத்துக்குப் போட்டீகளாக்கும்!"

"வெளையாட்டுக்குத்தாண்டி போட்டேன்."

"அவுகளுக்கு அது தெரியுமா?"

அப்புறம் அவளே ஒரு வழி சொன்னாள். எங்கள் பக்கம் புருஷன் பெண்டாட்டி ஒத்துவராவிட்டால், அந்தக் காலத்தில் சொந்தக்காரர்களை வைத்துக்கொண்டு ஒரு துரும்பைக் கிள்ளிக் கொடுத்துவிடுவார்கள், அத்தோடு உறவு முறிந்தது. கோர்ட் இல்லை, வக்கீல் இல்லை. "அதே மாதிரி துரும்பக் கிள்ளிப் போட்டுட்டு வந்துருங்க" என்றாள்.

"பிரெஞ்சுக்காரனுக்கு உசிலம்பட்டி வழக்கம் எப்படிடி புரியும்?" என்றேன்.

மாடிப்படியில் நின்றிருந்த இனியா, "அவங்களும் அப்படித்தான் பண்ணுவாங்க" என்றாள். நாங்கள் இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தோம். பிரபுவுக்கும் அவன் ஆளுக்கும் இருக்கிற கட்டை முறிக்க வேண்டுமென்றால், ஒரு வைக்கோல் துரும்பை எடுத்து அவர் முன்னால் வீசுவார்களாம், சில ஊர்களில். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது, அதே சமயம் ஒரு சந்தோஷமும் வந்தது. வழி இருக்கிறது, அதுவும் நமக்குத் தெரிந்த வழி.

ஹாலோவீனுக்குப் பூசணிக்காய் வைக்க வாங்கிய வைக்கோல் கட்டு கராஜில் கிடந்தது. அதிலிருந்து கொஞ்சம் உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். ஏப்ரலில், பனியெல்லாம் போன பிறகு, மூன்று பேரும் போனோம். நல்ல வெயில், தோட்டத்தில் சின்னப் பிள்ளைகள் ஓடிக்கொண்டிருந்தன. அந்தக் கடைசி அறையில் மட்டும் அதே குளிர். கல் மனிதன் அப்படியே படுத்திருந்தான், முகம் போன தடவையைவிடச் சின்னப் பையன் முகமாகத் தெரிந்தது, என் கண்ணாகவும் இருக்கலாம். கையை எடுத்துக் கும்பிட்டுவிடக் கூடாது என்று ஒரு கையைப் பாக்கெட்டிலேயே வைத்துக்கொண்டேன். அப்புறம் துரும்பைக் கிள்ளி, அந்த நாய்க்குப் பக்கத்தில் போட்டேன்.

"தீத்தாச்சு. ஒனக்கும் எனக்கும் ஒண்ணுமில்ல. எம்புள்ள பக்கம் வராத" என்றேன். சத்தமாகவே சொன்னேன். காவல்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, ஏதோ பூஜை என்று நினைத்தாரோ என்னவோ, போய்விட்டார்.

ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் வெளியே வந்ததும் தோளிலிருந்து மூட்டை இறங்கியது போல இருந்தது. கலா கண்ணைத் துடைத்துக்கொண்டு, சாப்பிட ஏதாவது வாங்கி வருகிறேன் என்று கடைப் பக்கம் போனாள். நானும் இனியாவும் தோட்டத்துக் கல் பெஞ்சில் உட்கார்ந்தோம். பல மாதங்களுக்குப் பிறகு எனக்குப் பாட்டுப் பாட வேண்டும் போல இருந்தது.

"அவ்வளவுதான் பாப்பா, முடிஞ்சுது" என்றேன்.

"உங்களோடது முடிஞ்சுதுப்பா" என்றாள்.

"என்னோடதுன்னா?"

அவள் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "நீங்க விழுந்த அன்னிக்கே அது எனக்கு வந்துடுச்சு. அவர் வந்து, உங்க அப்பா போயிட்டார், நீ என்கூட வான்னு சொன்னார். நான் கோட்டெல்லாம் போட்டுக்கிட்டு வந்தேன். வந்துட்டு, எங்க அப்பா எனக்கு வேணும்னு சொன்னேன். அப்ப என் ஆளா இருக்கியான்னு கேட்டார். நான் மண்டி போட்டுக் கையைக் குடுத்தேன்."

லேஸ் கட்டவில்லை. அவள் பூட்ஸுக்கு லேஸே கிடையாது, ஜிப்தான், அதை நானே வாங்கிக் கொடுத்திருக்கிறேன், அந்த வீடியோவை அத்தனை தடவை பார்த்தும் எனக்கு அது உறைக்கவில்லை. இன்னொன்றும் அப்போதுதான் உறைத்தது. இவ்வளவையும் அவள் தமிழில் சொல்லியிருந்தாள். ஒரு இங்கிலீஷ் வார்த்தைக்குக்கூடத் தடுமாறவில்லை. பாலில் சர்க்கரை போதுமா என்று கேட்டாலே 'ஐ'ம் குட்' என்று பதில் சொல்கிற பிள்ளை.

சட்டைப் பையில் மிச்சமிருந்த துரும்பையெல்லாம் எடுத்து அவள் கையில் திணித்தேன். "வா, உள்ள போவோம். நீயும் கிள்ளிப் போட்ரு. இப்பவே போட்ருத்தா. ரெண்டு நிமிசம்தான்."

"வேண்டாம்ப்பா."

"ஏன் வேண்டாம்? அப்பா சொல்றேன்ல!"

"முறிச்சா, அவர் குடுத்ததைத் திருப்பிக் குடுத்துடணும். அதான் ரூல்."

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. "அவென் என்னத்தக் குடுத்துட்டான் ஒனக்கு? கல்லுத்தா அவென்! நெலம் குடுத்தானா, கோட்ட குடுத்தானா? என்ன மயித்தக் குடுத்தான்னு திருப்பிக் குடுக்கணும்?"

அவள் துரும்பைக் கீழே போடாமல் பத்திரமாக என் பையிலேயே திரும்ப வைத்தாள். அப்படியே அந்தப் பையின் மேல், உள்ளே மெஷின் இருக்கிற இடத்தில், கையை வைத்தாள்.

"உங்களைத்தான்ப்பா" என்றாள்.

கலா சூடான சாக்லேட்டோடு வந்துவிட்டாள். நாங்கள் வாங்கிக் குடித்தோம். அவளிடம் இதை நான் இன்னும் சொல்லவில்லை, இதைப் படித்துத்தான் தெரிந்துகொள்ளப் போகிறாள், சண்டை போடட்டும். நான் மாத்திரையை ஒரு வேளைகூடத் தவறவிடுவதில்லை, செக்கப்பில் டாக்டர் நன்றாக இருக்கிறது, ரொம்ப நன்றாக இருக்கிறது என்கிறார். அவர் அப்படிச் சொல்லும்போதெல்லாம் வெளியே வந்து முதலில் இனியாவுக்குத்தான் போன் செய்கிறேன். இனியா இப்போது ஏழாம் வகுப்பு, சாக்கர் ஆடுகிறாள், தோழிகளோடு போனில் மணிக்கணக்காகச் சிரிக்கிறாள், எந்த வித்தியாசமும் இல்லை.

ஒன்றே ஒன்றுதான். கீழே நின்று, சாப்பிட வா பாப்பா என்று நான் கூப்பிட்டால் முன்னெல்லாம் 'கமிங்!' என்று கத்துவாள். இப்போது கத்துவதில்லை. மாடிப்படி உச்சிக்கு வந்து, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்க்கிறாள். என் முகத்தை நன்றாகப் பார்த்துவிட்டு, "நீங்கதானாப்பா?" என்று கேட்கிறாள், தமிழில். நான்தான் பாப்பா என்று சொன்ன பிறகுதான் முதல் படியில் கால் வைக்கிறாள்.